பருந்தின் மூன்றாம் இறகு

வெண்கோட்டின் முகடுகள் நிலைக்க. அவற்றின் மேல் நிற்கும் கோட்டையும், கோட்டையின் நிழலில் வாழும் ஊர்களும், ஊர்களுக்கு நீர் தரும் சுனைகளும் நிலைக்க.

வெண்கோட்டு நாட்டின் அரசியும், மேகக் கணவாயின் காவலும், மறைந்த அரசர் வெற்பரையரின் மகளும் ஆகிய ஆவிரங்கண்ணி, ஆழிநாட்டுத் தலைநகரில் நம் சொல்லாக இருந்து நம் பெயரைக் காத்து நிற்கும் தூதர் பெருஞ்சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. உமக்கும், உமக்கு எழுத்தராகவும் மொழிபெயர்ப்பவராகவும் பணிபுரியும் உம் மகள் நறுவீக்கும் நலம் உண்டாகுக. நீர் தங்கியிருக்கும் நாட்டின் மன்னருக்கும் முறைப்படி நலம் கூறினோம். அதை அவரிடம் தெரிவிக்க வேண்டியதில்லை.

இதை எழுத்தர் எழுதவில்லை, நாமே எழுதினோம். எழுத்தாணி பழகாத கை. கீறல்கள் சில இடங்களில் ஓலையைக் கிழித்திருக்கும். பொறுத்துக்கொள்க.

உம் ஓலை வந்து சேர்ந்தது. அதில் நீர் கேட்டது ஒன்று. கேளாமலே முடிவு செய்தது மற்றொன்று. இரண்டுக்கும் விடை தருகிறோம்.

கேட்டது இது. பனி மூடுவதற்கு முன் ஆழிநாட்டிலிருந்து மலையேறும் வான்கலங்கள் இன்னும் இரண்டே. ஒன்று பருந்துக் குழுவினுடையது. மற்றது நாரைக் குழுவினுடையது. இரண்டும் ஒரே காலையில் ஒரே துறையிலிருந்து கிளம்பும். தம் கலங்களில் அடிக்கடி செல்வோருக்கு அவ்விரு குழுக்களும் இறகு அணிவித்து வரிசை வழங்குவதை நாடறியும். உம்மிடம் பருந்தின் இறகு இரண்டும் நாரையின் இறகு இரண்டும் உள்ளன. இன்னும் ஒரு பயணம் சேர்ந்தால், எந்தக் குழுவின் கலத்தில் ஏறுகிறீரோ அந்தக் குழுவின் மூன்றாம் இறகு, ஏறும்போதே உமக்கு வந்துவிடும். எதில் ஏறுவது என்று கேட்டீர்.

கேளாமல் முடிவு செய்தது இது. பருந்தின் மூன்றாம் இறகு பெற்றவர் தம்முடன் ஒருவரைத் துணையுரிமையில் அழைத்து வரலாம். அந்த ஒருவராக, உடன்படிக்கையின்படி அங்கே பிணையாக இருக்கும் நம் மகன் நன்வேளை மாறுவேடத்தில் ஏற்றிக்கொள்வதாகவும், உம் மகளை அங்கேயே விட்டு வருவதாகவும் எழுதியிருந்தீர். அந்த ஓலை உம் மகளின் கையெழுத்து. தன்னை விட்டு வருவது பற்றிய வரியையும் அவள்தான் எழுதியிருக்கிறாள். எழுத்து எங்கும் கோணவில்லை.

உம் ஓலையை அவையில் படிக்கச் செய்தோம். இரண்டாம் பகுதியை மறைத்து, முதற்பகுதியை மட்டும் படிக்கச் செய்தோம். எந்தக் குழுவின் வரிசை நாட்டுக்கு உகந்தது என்று கருத்துக் கேட்டோம்.

முதலமைச்சர் காவிதியார் நாரையே சிறந்தது என்றார். பருந்து பறந்த தொலைவை எண்ணும். பனி உருகும்போது எண்ணிக்கையை அழித்துவிட்டு ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். நாரையோ கொடுத்த கட்டணத்தை எண்ணும். மூன்றாம் இறகை ஒருமுறை பெற்றால் ஆயுள் உள்ளவரை அது நீங்காது. நாரைக்கு ஒவ்வொரு துறையிலும் காத்திருப்பு மாடம் உண்டு. அங்கே மெத்தையும், கால் கழுவ வெந்நீரும், மிளகு சேர்த்த கஞ்சியும் உண்டு. கடலோடும் மரக்கலக் குழுக்களோடும் அவர்களுக்கு உடன்பாடு இருப்பதால், நாரையின் இறகைக் கண்டால் கப்பலிலும் நல்ல இடம் தருவார்கள். பருந்தின் துறையில் தாம் ஒருமுறை ஆடுகளோடு மழையில் நின்றதாகவும், அன்று பிடித்த முழங்கால் வலி இன்றும் விடவில்லை என்றும் காவிதியார் எடுத்துரைத்தார்.

படைத்தலைவர் ஏனாதியார், ஒரு நாட்டின் முடிவை ஒருவருடைய முழங்காலில் கட்டித் தொங்கவிட வேண்டாம் என்று பணிவுடன் கூறினார். காவிதியார், முழங்கால் உள்ளவர்களே அவைக்கு நடந்து வர முடியும் என்று பணிவுடன் விடை தந்தார். அவை சிரித்தது. நாமும் அவர்களை நிறுத்தவில்லை. அவர்களுக்கு உம் ஓலையின் மறுபாதி தெரியாது.

சிரிப்பு அடங்கியபின் மருத்துவர் அழிசியாரின் பெயரை நாம் சொன்னோம். அதன்பின் எவரும் மெத்தையைப் பற்றிப் பேசவில்லை.

நீர் அப்போது ஊர் திரும்பாமல் ஆழிநாட்டிலேயே தங்கிவிட்டீர். இங்கே நாம் அறிந்ததை நீர் முழுமையாக அறிந்திருக்க மாட்டீர். சென்ற பனிக்காலத்தின் கடைசிக் கலத்தில் அழிசியார் மலையேறினார். அது பருந்தின் கலம். கணவாயை நெருங்கியபோது காற்று மெலிந்தது, கலம் எழவில்லை. அத்தகைய வேளையில் நடுப்பாறையில் கலத்தை நிறுத்தி எடை இறக்குவது இரு குழுக்களுக்கும் பொதுவான வழக்கம். இறகு குறைந்தவர் முதலில் இறங்க வேண்டும். இறங்கியவர்களை அடுத்த கலம் ஏற்றிக்கொள்ளும் என்று சொல்லி, ஒரு கம்பளமும் சிறிது விறகும் கொடுத்து விடுவார்கள். கடைசிக் கலத்துக்கு அடுத்த கலம் பனி உருகிய பிறகுதான்.

அழிசியாரிடம் நாரையின் இறகு இரண்டு இருந்தன. பருந்தின் இறகு ஒன்றுதான். அவர் நாரையின் இறகுகளை எடுத்துக் காட்டினார். கலத்தலைவர் அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்து, நல்ல இறகுகள் என்று பாராட்டி, திருப்பிக் கொடுத்துவிட்டு, இது பருந்தின் கலம் என்றாராம். அதே கலத்தில் பட்டு வணிகர் ஒருவர் மூன்றிறகோடு அமர்ந்திருந்தார். அவருடைய துணையுரிமை இடத்தில் ஆள் இல்லை. பட்டுப் பொதிகள் இருந்தன. துணையாக வருவது ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று குழுவின் விதியில் இல்லையாம். பொதிகள் கணவாயைக் கடந்தன. அந்தப் பட்டில் ஒரு முழம் நம் அரண்மனைக்கும் வந்தது. எது என்று தெரியாததால் எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னோம்.

பனி உருகியதும் முதற்கலத்தார் பாறையில் இறக்கப்பட்டவர்களைக் கண்டார்கள். காற்றுப் படாத பக்கத்தில் நெருங்கி அமர்ந்தபடி இருந்தார்கள். அழிசியார் தம் தலைப்பாகையைக் கிழித்து மற்றவர்களின் பாதங்களில் சுற்றியிருந்தார். அவருடைய பாதங்களில் ஒன்றும் இல்லை.

அவர் முப்பது ஆண்டுகள் நம் பணியில் மலையேறி இறங்கியவர். அவர் ஏறிய கலங்கள் அனைத்தும் ஒரே குழுவினுடையதாக இருந்திருந்தால் அவரை எவரும் இறக்கியிருக்க முடியாது. அப்படி அமையவில்லை. நம் தந்தையார் ஒரு நெறி வகுத்திருந்தார். வெண்கோட்டு அரசு எந்தக் குழுவின் பக்கமும் சாயாது; ஆகவே நம் பணியாளர் ஒரு குழுவின் கலத்தில் மலையிறங்கினால் மற்றக் குழுவின் கலத்தில் ஏறி வர வேண்டும். நடுவுநிலை என்று அதற்குப் பெயரிட்டார். அண்டை நாட்டார் புகழ்ந்தார்கள். இரு குழுக்களும் ஆண்டுதோறும் நமக்குப் பழக்கூடை அனுப்பின. அதன் பயனாக, நம் ஆட்களில் ஒருவரிடமும் எந்தக் குழுவிலும் மூன்றாம் இறகு இல்லை. எங்கும் பாதி ஏறி நிற்கிறார்கள்.

அந்நெறி இன்று நீக்கப்பட்டது.

அவை கலைந்தபின் நாரைக் குழுவின் முகவரை வரவழைத்தோம். அவர் இனிமையாகப் பேசும் மனிதர். பருந்தின் இறகைக் காட்டுவோருக்கு அதற்கு ஈடான இறகைத் தம் குழுவும் தருவதாக ஒரு புதிய ஏற்பாடு வந்திருப்பதாகத் தெரிவித்தார். எப்போது முதல் என்று கேட்டோம். இளவேனில் முதல் என்றார்.

அடுத்து நாம் கேட்டதை உமக்கு மட்டும் எழுதுகிறோம். நம் மகனின் பெயரில் மூன்றாம் இறகு ஒன்றை, என்ன விலையானாலும், உடனே தர முடியுமா என்று கேட்டோம். அவர் முகம் மலர்ந்தது. அரச குடும்பத்தாருக்கு மதிப்பிறகு வழங்குவது தம் குழுவுக்குப் பெருமை என்றும், விலையே வேண்டாம் என்றும் சொல்லி, அங்கேயே ஓர் இறகை எடுத்து நம் முன் வைத்தார். பொன் நூல் சுற்றிய அழகிய இறகு. நடுப்பாறையில் அது எண்ணப்படுமா என்று கேட்டோம். அவர் இறகின் பொன் நூலைச் சரிசெய்தார். பிறகு, மதிப்பிறகு காத்திருப்பு மாடத்துக்கு உரியது என்றார். வெந்நீரும் கஞ்சியும் உண்டு. பாறையில் அது செல்லாது.

அவரைக் குறை சொல்ல மாட்டோம். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இறகைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினோம்.

மகனை இறகின்றி, யாரோ ஒரு பயணி போல ஏற்றிவிடலாமா என்றும் எண்ணினோம். நீரே எழுதியிருக்கிறீர்: இளவேனிலில் நம்மீது போர் வரும் என்று அந்நாட்டு மக்களும் மோப்பம் பிடித்துவிட்டார்கள், மலையில் உறவினர் உள்ளவர்கள் எல்லாரும் கடைசிக் கலங்களுக்காகத் துறையில் காத்துக் கிடக்கிறார்கள் என்று. அவ்வளவு ஆட்களோடு எந்தக் கலமும் கணவாயைக் கடக்காது. இறகில்லாதவர்கள் பாறையில் இறங்குவார்கள். அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்த நமக்கு மனம் வரவில்லை.

ஆகவே, நீர் காட்டிய வழி ஒன்றே எஞ்சியது. பருந்து, மூன்றாம் இறகு, துணையுரிமையில் நன்வேள். ஒரு பகல் முழுவதும் அதுவே நம் முடிவாக இருந்தது. அந்தப் பகலில் நாம் உணவு கொண்டோம். பணிப்பெண்கள் வியந்தார்கள்.

மாலையில் ஏனாதியார் கணவாயிலிருந்து செய்தியோடு வந்தார். உம் ஓலையின் மறுபாதியை அவரிடம் காட்டினோம். அவர் இருமுறை படித்தார். அவர் சொன்னதை அவர் சொன்ன முறையிலேயே தருகிறோம்.

கணவாயின் கீழ்மதில் இன்னும் எழுந்து முடியவில்லை. பனி விழும்வரை அது திறந்த வழி. பிணையாக இருக்கும் இளவரசர் காணாமற் போனால் உடன்படிக்கை அன்றே முறியும். ஆழிநாட்டுப் படை மறுநாளே கிளம்பும். பனிக்கு முன் இங்கே வந்து சேரும். தடுக்க நம்மிடம் பாதி மதிலும் அறுவடை முடியாத வயல்களும்தான் உண்டு. இளவரசர் அங்கேயே இருந்தால் அவர்கள் ஐயமின்றி இளவேனிலுக்குக் காத்திருப்பார்கள். அதற்குள் மதில் எழும். தூதர் பனிக்காலத்தில் ஊர் திரும்புவது வழக்கமானதே. அதை எவரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

இளவேனிலில் என்ன ஆகும் என்று கேட்டோம். படை கிளம்பும் என்றார். படை கிளம்பும் முன் பிணையாளரை என்ன செய்வார்கள் என்று கேட்டோம். அது தமக்குத் தெரியும் என்றும், அரசிக்கும் தெரியும் என்றும் கூறி, தலை குனிந்து நின்றார். விடை கொடுக்கும்வரை நிமிரவில்லை.

கீழ்மதிலுக்கு இப்பால் உள்ள ஊர்களை நீர் அறிவீர். உம் ஊரும் அவற்றுள் ஒன்று. ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தோம். மறுபக்கத்தில் ஒரு பெயர்தான் இருந்தது. அது கனமாகத்தான் இருந்தது. ஆயினும் பாறையின் வழக்கம் நமக்கும் உரியதே. எடை இறக்க வேண்டியிருக்கிறது, இறக்குபவர் நாம்.

இனி ஆணை.

நீர் பருந்தின் கலத்தில் ஏற வேண்டும். நாரையின் ஆயுள் வரிசையும், மாடமும், மரக்கல உடன்பாடும் நமக்கு வேண்டாம். பாறையில் இன்னொருவரையும் காப்பது பருந்தின் மூன்றாம் இறகு ஒன்றே.

துணையுரிமையில் உம் மகள் நறுவீயை அழைத்து வர வேண்டும். இதை அருளென்று கொள்ள வேண்டாம். நன்றி கூறி ஓலை விடுக்கவும் வேண்டாம். ஆழிநாட்டுப் படைமுகாம்களில் உமக்காக மொழிபெயர்க்க நின்றவள் அவள். வண்டிகளையும் குதிரைகளையும் பார்த்த கண்கள் அவளுடையவை. அவள் கண்டது இங்கே ஏனாதியாருக்கு வேண்டும். அவளை அங்கே விட்டால் அந்தக் கண்களைக் கேள்வி கேட்பார்கள். துணையுரிமை இடத்தில் வேறு ஆளையோ பொருளையோ ஏற்றக் கூடாது. வழியில் எவர் கெஞ்சினாலும் உம் இடத்தை விட்டு எழக் கூடாது. கெஞ்சுவார்கள். நடுப்பாறையில் இறங்குவோரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்துக்கொண்டு வருக.

இன்று முதல் வெண்கோட்டுப் பணியில் செல்லும் அனைவரும், வாய்ப்புள்ள இடமெல்லாம், பருந்தின் கலத்திலேயே ஏறி, பருந்தின் கலத்திலேயே இறங்க வேண்டும். நாரைக் குழு வருந்தும். வருந்தட்டும். அடுத்த பனியில் நம் ஆட்களில் ஒருவரும் பாதி இறகோடு அந்தப் பாறையில் நிற்கக் கூடாது. அடுத்த பனியில் நாம் இருந்தால்.

ஓலையைக் கொண்டுவரும் தேன் வணிகரிடம் ஒரு கம்பளிப் போர்வை இருக்கும். அது நன்வேளுக்கு. பழையது தோளுக்கு எட்டவில்லை என்று முன்பு எழுதியிருந்தான். இப்போது எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று நமக்குத் தெரியாது. பெரிதாகவே நெய்யச் சொன்னோம்.

நீர் கிளம்புவது அவனுக்குத் தெரியும். கலத்தில் இருவருக்கு இடம் உண்டு என்பதும் இந்நேரம் அவன் காதுக்கு எட்டியிருக்கும். அவன் உம்மிடம் ஒன்றும் கேட்க மாட்டான். கேளாமல் நிற்பான். அப்போது நீர் அவனிடம் இடம் இல்லை என்று சொல்லக் கூடாது. குழுவின் விதி என்றும், காற்று மெலிவு என்றும், கூட்டம் என்றும் சொல்லக் கூடாது. இடம் இருந்தது என்று சொல்லும். அது அவனுக்கு என்று நீர் முடிவு செய்திருந்ததையும் சொல்லும். அவன் தாய் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாள் என்று சொல்லும்.

காரணம் கேட்டால் சொல்லக் கூடாது. மதிலைப் பற்றி ஒரு சொல்லும் அவன் செவியில் விழக் கூடாது. இளவேனிலில் அவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான். தெரியாததை எவராலும் அவனிடமிருந்து பிடுங்க முடியாது. காரணமே இல்லாமல் தாய் தன்னைக் கைவிட்டாள் என்று அவன் நம்ப வேண்டும். கடைசிவரை நம்ப வேண்டும். அவர்கள் அவன் முகத்தைப் பார்த்துத்தான் நம்மிடம் திட்டம் ஏதும் இல்லை, கணவாய் பாதுகாப்பற்றது என்று முடிவு செய்வார்கள்.

அவன் நம்மைப் பழித்தால் தடுக்க வேண்டாம். கேட்டு வந்து, அவன் சொன்ன சொற்களையே, ஒன்றும் குறைக்காமல் என்னிடம் சொல்க.

படித்ததும் இவ்வோலையை எரித்து, சாம்பலை நீரில் கரைத்துவிடுக. உம் மகள் படித்தபின் எரிக்கலாம். அவள் படிக்க வேண்டும்.

வெண்கோட்டின் முகடு பொறித்த முத்திரை இதன் கீழ் இடப்பட்டது. முத்திரை இட்டபின் இதில் ஒரு சொல்லையும் மாற்றும் உரிமை நமக்கும் இல்லை. பனி விழும் முன் வந்து சேர்க. கணவாயில் உமக்காக விளக்கு ஏற்றி வைக்கச் சொல்லியிருக்கிறோம், இருவருக்கு.

ஆவிரங்கண்ணி,
வெண்கோட்டு அரசி.